கன்னத்தில் வாள் தழும்பு: ஜெர்மன் மாணவர் சங்கங்களைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

#1 தேரிக்காடு

நூறு வருஷத்துக்கு முந்தைய ஜெர்மன் புகைப்படங்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று கண்ணில் படுகிறது. டாக்டர், நீதிபதி, தூதர், ஆலை முதலாளி என்று யாராக இருந்தாலும் இடது கன்னத்தில் கோடு கோடாகத் தழும்பு. மறதி நோய்க்குத் தன் பெயரைக் கொடுத்த அலோயிஸ் அல்சைமருக்கும் உண்டு. விசாரித்தால், "காலேஜில் வாள் சண்டை போட்டு வாங்கியது" என்கிறார்கள்.

படிக்கப் போன இடத்தில் வாள் எதற்கு? முகத்தில் வெட்டு வாங்கியதை மறைக்காமல் போட்டோவுக்கு நிற்கிறார்களே, அதில் என்ன பெருமை? இன்னும் நடக்கிறதா? நடந்தால் போலீஸ் சும்மா விடுகிறதா? இங்கே ஜெர்மனியில் இருக்கும் ஆட்கள் நிறையப் பேர் உண்டு. விரிவாகவே எழுதுங்கள், அவசரம் இல்லை.

#2 ஊமத்தை

பணக்கார வீட்டுப் பிள்ளைகள் பீர் குடித்துவிட்டு ஒருத்தனை ஒருத்தன் வெட்டிக்கொண்டார்கள். நம் ஊரில் இதற்கு ராகிங் என்று பெயர். இதற்கெல்லாம் ஒரு இழையா?

#3 வடக்குவாசல்

ராகிங் என்று தள்ளிவிட்டால் விஷயம் பிடிபடாது, ஊமத்தை. முதலில், வெட்டிக்கொள்ளும் நேரத்தில் யாரும் குடித்திருக்க மாட்டார்கள். பீர் எல்லாம் அப்புறம்தான்.

கோட்டிங்கனில் படித்த காலத்தில் ஒரு நண்பன் மூலம் அழைப்பு கிடைத்து நேரில் பார்த்திருக்கிறேன். இந்தச் சண்டைக்கு மென்சூர் என்று பெயர். எதிரெதிரே நிற்கும் இருவரும் எப்போதும் வேறு வேறு சங்கத்துக்காரர்கள். அவர்களுக்குள் பகை எதுவும் கிடையாது, பல நேரம் முன்பின் பழக்கமே இருக்காது. உயரமும் கைப்பழக்கமும் ஒத்துவருகிற மாதிரி இரண்டு சங்கத்தின் வாள் பொறுப்பாளர்களும் பேசி ஜோடி சேர்ப்பார்கள்.

உடுத்திவிடவே வெகு நேரம் ஆகிறது. கழுத்தைச் சுற்றித் தடிமனான கட்டு, உடம்புக்கு இரும்பு வளையங்களைக் கோத்த சட்டை, வாள் பிடிக்கும் கைக்குத் தோள் வரை உறை. கண்ணுக்குக் கம்பி வலை போட்ட இரும்புக் கண்ணாடி, அதோடு ஒட்டி மூக்குக்கு ஒரு தகடு. எல்லாம் மாட்டி முடித்ததும் வெளியே தெரிவது மண்டை, நெற்றி, கன்னம் மட்டும்தான். அதாவது உயிர் போகிற இடத்தையெல்லாம் மூடிவிட்டு, தழும்பு விழுகிற இடத்தை மட்டும் வேண்டுமென்றே திறந்து வைத்திருக்கிறார்கள்.

இருவருக்கும் நடுவே வாள் நீளம்தான் இடைவெளி. கால் பதித்தால் பதித்ததுதான், முன்னே பின்னே போகக் கூடாது. ஒரு கை முதுகுக்குப் பின்னால். வாள்கை தலைக்கு மேலே உயர்ந்து நிற்கும், மணிக்கட்டுதான் சுழலும். குத்துவது கிடையாது, வெட்டு மட்டும். பக்கத்தில் ஆளுக்கொரு ஸெகுண்டண்ட், அதாவது துணையாள், தலைக்கவசம் போட்டுக்கொண்டு, கையில் மழுங்கல் வாளோடு குனிந்து நிற்பார். "ஹோஹ் பிட்டெ", "ஃபெர்டிஷ்", "லோஸ்!" என்று குரல் வரும். உடனே நாலைந்து வெட்டு, தகரக் கூரையில் கல்மழை பெய்த மாதிரி ஒரு சத்தம், அதற்குள் "ஹால்ட்!" என்று ஸெகுண்டண்டுகள் வாளை நீட்டித் தடுத்துவிடுவார்கள். ஒரு சுற்று முடிந்தது. சில விநாடிகள்தான். இப்படி முப்பது சுற்று வரை போகும், இடத்துக்கு இடம் கணக்கு மாறும். இடைவேளையில் ஒரு இளையவர் அந்தக் கனத்த கையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மருந்து தோய்த்த துணியால் வாளைத் துடைப்பார். டாக்டர் ஒருவர் பக்கத்திலேயே இருப்பார். காயம் பெரிது என்று அவர் சொன்னால் ஆட்டம் அதோடு நிற்கும்.

இப்போது முக்கியமான இடம். யார் ஜெயித்தார்கள் என்று யாரும் அறிவிப்பதில்லை. புள்ளி எண்ணுவதும் இல்லை. முடிந்ததும் ஒவ்வொரு சங்கமும் தன் ஆளைப் பற்றி மட்டும் தனியாக உட்கார்ந்து பேசும். தலையைப் பின்னுக்கு இழுத்தானா, வெட்டு வரும்போது குனிந்தானா, முகம் சுளித்தானா. ஒழுங்காக நின்றான் என்றால் சரி. தலையில் பத்துத் தையல் விழுந்தாலும் ஒழுங்காக நின்றவன் நின்றவன்தான். எதிராளியை வெட்டிச் சாய்த்துவிட்டுத் தான் ஒரு தடவை தலையை இழுத்துக்கொண்டால் அது பழுது. இன்னொரு மென்சூர் நின்று அந்தப் பழுதைத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் சங்கத்திலிருந்து வெளியே போக வேண்டியதுதான். ஆக, எதிரே நிற்கிறவன் எதிரியே இல்லை. நீதிபதிகள் உன் முதுகுக்குப் பின்னால் நிற்கிற உன் ஆட்கள். இது புரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும்.

#4 பட்டறைவாசி

அருமை. வாளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள். ஒலிம்பிக்கில் பார்க்கிற ஸேபர் மாதிரி வளைந்ததா? எடை?

#5 வடக்குவாசல்

நேரான வாள், பெயர் ஷ்லேகர். முனை மழுங்கல், விளிம்பு தீட்டியது. கைப்பிடியைக் காக்கும் பகுதியில் இரண்டு வகை உண்டு. கையைச் சுற்றிக் கம்பிக் கூடை பின்னியிருந்தால் கோர்ப்ஷ்லேகர், மணியைக் கவிழ்த்த மாதிரி கிண்ணம் இருந்தால் க்ளாக்கன்ஷ்லேகர். இரண்டாவது பெரும்பாலும் பெர்லின், லைப்சிக் போன்ற கிழக்குப் பக்கப் பல்கலைக்கழகங்களின் வழக்கம். கூடையின் உள்பக்கத்துக்குச் சங்கத்தின் நிறத்தில் துணி தைப்பது உண்டு. ஒலிம்பிக் விளையாட்டோடு சேர்க்கவே முடியாது. அங்கே கால்தான் பாதி வித்தை. இங்கே கால் அசைந்தால் காலி.

#6 செம்பருத்தி_மதுரை

சிலம்பத்தோடு ஒப்பிடலாமா அண்ணா?

#7 வடக்குவாசல்

வேண்டாம்மா. சிலம்பத்தில் அடி விழாமல் விலகுவதுதான் கலை. இவர்கள் விலகுவதைக் குற்றம் என்கிறார்கள்.

#8 நூலகப்பூச்சி

தேரிக்காடு கேட்ட "படிக்கிற இடத்தில் வாள் எதற்கு" என்பதற்கு வருகிறேன். கொஞ்சம் நீளும்.

18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மாணவன் இடுப்பில் வாளோடுதான் திரிந்தான். பல்கலைக்கழகத்துக்குத் தனி நீதிமன்றமும் தனிச் சிறையும் இருந்தன. மாணவன் தவறு செய்தால் விசாரிப்பது பல்கலைக்கழகம்தான். வயது பதினெட்டு, கையில் வாள், தட்டிக்கேட்க அப்பா ஊரில் இல்லை. விளைவைச் சொல்லவா வேண்டும்? ஒருவன் இன்னொருவனை "முட்டாள் பையா" என்று சொன்னால் போதும், அது அழைப்புக்கான வாய்ப்பாடு. மறுநாள் வாள். யேனா போன்ற ஊர்களில் அது குத்து வாள். நுரையீரலில் துளை விழுந்து செத்தவர்கள் உண்டு. கோட்டிங்கன் பக்கம் வெட்டு வாள் முன்பே வந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் எல்லா ஊரிலும் குத்து போய் வெட்டு நிலைத்தது, காப்புகளும் ஒவ்வொன்றாகக் கூடின. அதே காலத்தில்தான் இன்னொரு மாற்றமும் நடந்தது: அவமானப்படுத்தியதற்குப் பதில் கேட்பது என்பது போய், இரண்டு சங்கங்கள் பேசிவைத்து ஆளைப் பொருத்துவது வழக்கமாயிற்று. சண்டைக்குக் காரணமே தேவைப்படவில்லை. வடக்குவாசல் சொன்ன மென்சூர் இந்த இரண்டாவது வகை.

இந்தச் சங்கங்கள் எல்லாம் ஒரே சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். குறைந்தது இரண்டு பெரிய ஓடைகள் உண்டு.

ஒன்று கோர். ஒரே சீமையிலிருந்து வந்த மாணவர்கள் ஒன்றுகூடிய பழைய கூட்டங்களின் வாரிசு. அதனால்தான் பெயர்கள் எல்லாம் லத்தீனில் சீமைப் பெயராக இருக்கும்: சாக்ஸோனியா, பொருஸ்ஸியா, சுவேவியா, ரெனானியா. எர்லாங்கனில் இருக்கும் ஒனோல்டியா 1798லிருந்து வருவது. இவர்கள் அரசியல் பேசுவதில்லை என்பது கொள்கை. 1848ல் கோர்கள் கூடி ஒரு பொதுச் சங்கம் கண்டார்கள், பின்னாளில் பாட் கோசன் என்ற ஊரில் ஆண்டுதோறும் கூடியதால் கோசனர் என்று பெயர். தொழில்நுட்பக் கல்லூரிகளின் கோர்களுக்கு 1863லிருந்து வைன்ஹைமில் தனிச் சங்கம். பிஸ்மார்க் 1832ல் கோட்டிங்கனில் சேர்ந்தது ஹன்னொவெரா என்ற கோரில். சட்டம் படித்ததை விட வாள் பிடித்ததுதான் அதிகம், இருபதுக்கு மேல் மென்சூர் நின்றார் என்பார்கள். கெய்சர், அதாவது பேரரசர், இரண்டாம் வில்ஹெல்ம் போன் நகரத்துப் பொருஸ்ஸியா கோர்.

இரண்டாவது புர்ஷன்ஷாஃப்ட். இது பிறப்பிலேயே அரசியல். நெப்போலியனை எதிர்த்துப் போர்முனைக்குப் போய்த் திரும்பிய மாணவர்கள் 1815 ஜூன் 12 அன்று யேனாவில் ஒரு சத்திரத்தில் கூடித் தொடங்கினார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட குட்டி அரசுகளாகச் சிதறிக் கிடந்த ஜெர்மனி ஒரே நாடாக வேண்டும், அரசியல் சட்டம் வேண்டும் என்பது கோரிக்கை. அவர்கள் கொடியின் கருப்பு, சிவப்பு, பொன் நிறம்தான் இன்றைய ஜெர்மன் தேசியக் கொடி. 1817 அக்டோபர் 18ல் வார்ட்புர்க் கோட்டைக்கு ஊர்வலமாகப் போனார்கள். அன்று இரவு மலைமேல் தீ மூட்டி, தங்களுக்குப் பிடிக்காத நூல்களின் பெயரை எழுதிய தாள்கட்டுகளைப் போட்டார்கள். கூடவே ராணுவத்தில் சிப்பாயை அடிக்கும் தடி ஒன்று, ஒரு சவுரிப் பின்னல், ஒரு இறுக்குக் கச்சை. பழைய ஆட்சியின் அடையாளங்களாம். இரண்டே வருஷத்தில், 1819 மார்ச்சில், கார்ல் ஸாண்ட் என்ற புர்ஷன்ஷாஃப்ட் மாணவன் மன்ஹைமில் நாடக ஆசிரியர் கோட்ஸெபுவைக் கத்தியால் குத்திக் கொன்றான். அது போதும் என்று ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக் கார்ல்ஸ்பாட் தீர்மானங்களைக் கொண்டுவந்து சங்கங்களைத் தடைசெய்தார். ஆனாலும் 1848ல் பிராங்க்பர்ட்டில் கூடிய முதல் ஜெர்மன் நாடாளுமன்றத்தின் தலைவர் ஹைன்ரிஷ் ஃபொன் காகெர்ன் பழைய புர்ஷன்ஷாஃப்ட் ஆள்தான்.

இவை தவிர வாளே எடுக்காத சங்கங்களும் ஏராளம். கத்தோலிக்கத் திருச்சபை இந்தச் சண்டையைக் கடுமையாகத் தடைசெய்திருந்ததால் கத்தோலிக்க மாணவர் சங்கங்களில் சங்க நிறத் தொப்பியும் மார்பில் குறுக்கே போடும் துணிப் பட்டையும் பீரும் உண்டு, மென்சூர் கிடையாது.

#9 சிவப்புக்கோடு

நூலகப்பூச்சி நல்ல பக்கத்தை மட்டும் காட்டிவிட்டுப் போகிறார். வார்ட்புர்க் தீயில் போட்ட பெயர்களில் சவுல் ஆஷர் என்ற யூத எழுத்தாளரும் உண்டு என்பதைச் சொல்ல வேண்டாமா? ஜனநாயகக் கொடியும் யூத வெறுப்பும் ஒரே வயிற்றில் பிறந்தவை.

தழும்பு விஷயத்துக்கு வருவோம். அது வீரத்தின் அடையாளம் என்பதெல்லாம் மேல்பூச்சு. கெய்சர் காலத்தில் அரசாங்க உத்தியோகம், தூதரகம், நீதிமன்றம் எல்லாவற்றிலும் மேலே உட்கார்ந்திருந்தவர்கள் இந்தச் சங்கங்களின் மூத்தவர்கள். படித்து முடித்தவன் ஆல்டர் ஹெர், அதாவது மூத்தவர் ஆகிவிடுவான். உறவு சாகும்வரை விடாது. வேலைக்கு வருகிற பையனின் கன்னத்தைப் பார்த்தால் போதும், "நம்ம ஆள்". சிபாரிசுக் கடிதத்தை முகத்திலேயே எழுதிக்கொண்டார்கள். தொழிலாளி வீட்டுப் பையன் பல்கலைக்கழகத்துக்கே போக முடியாத காலத்தில் இது வர்க்க முத்திரை அல்லாமல் வேறென்ன?

#10 ஊமத்தை

தோழர், உங்கள் மார்க்ஸும் போன் நகரத்தில் வாள் பிடித்தவர்தானே :)

#11 சிவப்புக்கோடு

ஆமாம், மறைக்க என்ன இருக்கிறது? 1836ல். ட்ரியர் ஊர்ப் பையன்களின் கூட்டத்தில் அவர் ஒரு பொறுப்பாளர். பிரஷ்யப் பிரபு வீட்டுப் பையன்களோடு தகராறு, இடது கண்ணுக்கு மேலே காயம். சண்டை போடுவதற்கும் தத்துவத்துக்கும் அவ்வளவு நெருக்கமா என்று அப்பா கடிதத்தில் கேட்டார். அந்த வருஷமே பெர்லினுக்கு மாற்றிவிட்டார். பதினெட்டு வயசில் செய்ததை வைத்து ஒரு ஆளை அளக்க முடியாது.

#12 வடக்குவாசல்

சிவப்புக்கோடு சொல்கிற வர்க்க முத்திரை சரிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த முத்திரை ஏன் இவ்வளவு உறுதியாகப் பிடித்தது என்பதற்கு அவர் பதில் சொல்லவில்லை. சிபாரிசுக் கூட்டம் எல்லா நாட்டிலும் உண்டு. இவர்களுக்கு மட்டும் முகத்தில் வெட்டு எதற்கு? நான் முன்பு சொன்னதுதான் என் பதில். தோற்க முடியாத, ஜெயிக்கவும் முடியாத ஒரு சண்டையில், உன்னை எடைபோடுவது உன் கூட்டம் மட்டும். எதிராளியிடம் தோற்றவன் பயிற்சி எடுத்து மறுபடி வரலாம். தன் ஆட்கள் முன்னால் தலையை இழுத்துக்கொண்டவனுக்குத் தப்ப இடம் இல்லை. அப்படி ஒரு கூட்டத்தின் பார்வைக்கு இருபது வயதில் உடம்பைக் கொடுத்தவன், நாற்பது வயதில் அந்தக் கூட்டத்தை மீறிப் பேசுவானா? எல்லாச் சடங்கும் அதற்குத்தான். புதிதாகச் சேர்ந்தவன் ஃபுக்ஸ், நரி. அவனுக்கு ஒரு மூத்த சகோதரன் உண்டு. பொறுப்பாளர் ஒருவர் பாட்டு, சட்டம், வரலாறு எல்லாம் சொல்லித்தருவார். தினமும் வாள் பயிற்சி. வாரக்கடைசியில் க்னைப்ப என்கிற பீர்க் கூட்டம், அதில் எப்போது எழுவது, எப்போது குடிப்பது, எப்போது வாயை மூடுவது என்பதற்கெல்லாம் கட்டளை. முதல் மென்சூர் நின்றால்தான் கோரில் முழு உறுப்பினர், புர்ஷ்.

சமூகவியல் அறிஞர் மாக்ஸ் வேபரும் இதில் போய்வந்தவர். ஹைடெல்பெர்கில் அல்லமன்னியா என்ற புர்ஷன்ஷாஃப்ட். உடம்பு ஊதி, கன்னத்தில் வெட்டோடு வீட்டுக்கு வந்த பிள்ளையைப் பார்த்த அம்மா பேசவில்லை, ஓங்கி ஒரு அறை விட்டார். பின்னாளில் சங்கங்களின் பதவி வேட்டைப் போக்கைக் கடுமையாக விமர்சித்தார், 1918ல் அல்லமன்னியாவிலிருந்தும் விலகினார். சிவப்புக்கோடு சொல்வதை உள்ளே இருந்தவரே சொல்லிவிட்டார்.

#13 மருந்துப்பெட்டி

மருத்துவர் என்ற முறையில் இரண்டு வரி. தேரிக்காடு இடது கன்னம் என்று கவனித்தது சரி. எதிரே நிற்பவன் வலது கைக்காரன் என்றால் வெட்டு பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் விழும்.

மண்டைத் தோலில் ரத்த ஓட்டம் அதிகம். சின்ன வெட்டுக்கே சட்டை நனையும், பார்க்கிறவனுக்கு மயக்கம் வரும். ஆனால் அதே காரணத்தால் சீக்கிரம் ஆறிவிடும். பயப்பட வேண்டியது கன்னத்துக்கு. முகத் தசைகளை அசைக்கும் நரம்பின் கிளைகளும் எச்சில் சுரப்பியிலிருந்து வாய்க்குப் போகும் குழாயும் அங்கேதான் இருக்கின்றன. அது அறுந்தால் தையல் போட்டும் பழைய நிலை வராது. நெற்றிப்பொட்டில் ஓடும் தமனியில் பட்டால் உடனே கட்ட வேண்டும். மரத்துப்போகும் ஊசி இல்லாமல் தையல் போட்டுக்கொள்வது பழைய வழக்கம், அதுவும் சோதனையின் பாகம். இன்றும் அதை விடாத ஆட்கள் உண்டு. தழும்பு பெரிதாகத் தெரிய வேண்டும் என்று காயத்தில் குதிரைமுடி வைத்துத் தைத்தார்கள் என்ற கதை எல்லா இடத்திலும் சுற்றுகிறது. என்னிடம் யாராவது அப்படிக் கேட்டு வந்தால் வாசலைக் காட்டுவேன்.

#14 தேரிக்காடு

யூதர் விஷயத்தை யாராவது தொடருங்கள். நாஜிகள் இவர்களை எப்படி நடத்தினார்கள்? படங்களில் நாஜி அதிகாரி என்றாலே தழும்போடுதான் காட்டுகிறார்கள்.

#15 நூலகப்பூச்சி

தழும்போடு இருந்த நாஜிகள் உண்மையிலேயே உண்டு. முசோலினி மீட்பில் பெயர் எடுத்த எஸ்.எஸ். (நாஜிக் கட்சியின் தனிப்படை) அதிகாரி ஸ்கோர்ஸெனி வியன்னாவில் மாணவனாக வாங்கிய வெட்டோடுதான் கடைசிவரை இருந்தார். போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மன் முதலாளிகள் சங்கத் தலைவராகி, 1977ல் தீவிர இடதுசாரிகள் கடத்திக் கொன்ற ஹன்ஸ் மார்ட்டின் ஷ்லையர், ஹைடெல்பெர்க் சுவேவியா கோர், பழைய எஸ்.எஸ். ஆள். அவர் கன்னத்திலும் இருந்தது. ஆனால் உறவு நேர்க்கோடு இல்லை.

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் யூத மாணவர்கள் கோர்களிலும் பல புர்ஷன்ஷாஃப்ட்களிலும் இருந்தார்கள், வாளும் பிடித்தார்கள். தியோடோர் ஹெர்ட்ஸல், ஆமாம், யூத நாடு கேட்ட அதே ஹெர்ட்ஸல், 1881ல் வியன்னாவின் ஆல்பியா என்ற புர்ஷன்ஷாஃப்டில் சேர்ந்து மென்சூரும் நின்றார். 1883ல் இசையமைப்பாளர் வாக்னர் நினைவுக் கூட்டம் யூத எதிர்ப்பு மேடையாக மாறியது, ஆல்பியா ஆள் ஒருவரும் அங்கே பேசினார். ஹெர்ட்ஸல் விலகல் கடிதம் கொடுத்தார். 1896ல் ஆஸ்திரியச் சங்கங்கள் வைட்ஹோஃபன் தீர்மானம் போட்டன: யூதனுக்குப் பிறப்பிலேயே மானம் கிடையாது, அதனால் அவனோடு வாள் பிடிக்கக் கூடாது. படித்தவர்கள் உட்கார்ந்து எழுதிய தீர்மானம் இது. யூத மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. வியன்னாவில் கடீமா, பிரெஸ்லாவில் வியாட்ரினா என்று 1880களிலேயே தங்களுக்கெனச் சங்கங்கள் வைத்துக்கொண்டார்கள், வாளும் பிடித்தார்கள். முதல் உலகப் போர் முடிந்த கையோடு கோசனர் கோர்களும் புதிதாக யூதர்களைச் சேர்ப்பதை நிறுத்தின.

1933ல் நாஜி அரசு மென்சூருக்குத் தண்டனை கிடையாது என்று சட்டமே போட்டது. சங்கத்துக்காரர்கள் நிறையப் பேர் மகிழ்ந்தார்கள். அடுத்த கட்டளை, ஏற்கெனவே உள்ள யூத மூத்தவர்களையும் வெளியேற்று என்பது. சாகும்வரை உறவு என்று சத்தியம் செய்தவர்கள் பெரும்பாலோர் வெளியேற்றினார்கள். ஹைடெல்பெர்க் வண்டாலியா, ட்யூபிங்கன் சுவேவியா உட்படச் சில கோர்கள் மட்டும் மறுத்தன. 1935 மே மாதம் ஹைடெல்பெர்கில் ஹிட்லரின் வானொலிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது சாக்ஸோ பொருஸ்ஸியா கோர்ப் பையன்கள் சத்தம் போட்டார்கள். பிறகு ஒரு விருந்தில், தலைவர் ஹிட்லர் தண்ணீர்விட்டான் தண்டை (ஆஸ்பரகஸ்) கத்தியால் சாப்பிடுவாரா, முள்கரண்டியாலா, கையாலா என்று வாய்விட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். நாஜி மாணவர் அமைப்பு காத்திருந்ததே இதற்குத்தான். அந்த ஆண்டு செப்டம்பரில் கோசனர் சங்கம் கலைந்தது, 1936க்குள் மற்றவையும் ஏறக்குறைய எல்லாம் போயின. அந்தப் பையன்களை எதிர்ப்பு வீரர்கள் ஆக்கிவிடாதீர்கள். பிரபுவீட்டுத் திமிருக்கு ஹிட்லர் ஒரு கீழ்ச்சாதிக் கத்துக்குட்டி, அவ்வளவுதான்.

#16 பட்டறைவாசி

சட்டம் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லையே.

#17 வடக்குவாசல்

சுருக்கமாக. 1871 சட்டப்படி இருவர் ஆயுதச் சண்டைக்குக் கோட்டைக்காவல் மூன்று மாதம் முதல் ஐந்து வருஷம். கோட்டைக்காவல் என்றால் மரியாதையான சிறை, களங்கம் ஒட்டாது. மாணவர் வாள் அதில் வருமா என்று 1883ல் கேள்வி வந்தது. வரும் என்றது ஜெர்மன் பேரரசின் உச்ச நீதிமன்றம். ஆனால் விசாரிக்க வேண்டிய நீதிபதியின் கன்னத்திலேயே தழும்பு இருந்தால் வழக்கு எங்கே நகரும்?

போருக்குப் பின், 1949ல் மேற்கு ஜெர்மன் துணைவேந்தர்கள் கூடி, தொப்பியும் பட்டையும் மென்சூரும் இனிப் பல்கலைக்கழகத்தில் வேண்டாம் என்றார்கள். கோட்டிங்கனில் மாணவர்கள் மீது வழக்கு நடந்து, அது 1953ல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் வரை போனது. முன்கூட்டிப் பேசிவைத்து, காப்புகளோடு, இருவரும் சம்மதித்து நிற்கும் மென்சூருக்குத் தண்டனை இல்லை என்று தீர்ப்பு. இன்றுவரை அதுதான் நிலை. கிழக்கு ஜெர்மனியில் சங்கங்களுக்கே தடை.

#18 வன்னிமகள்

வணக்கம். நான் ஜேர்மனியில் பிள்ளைகளை வளர்த்தவள். வரலாறு நல்லாக இருக்குது, ஆனால் எங்கட பெடியன்களுக்கு இது வேறு வழியால் வருகுது. ஆஹன், மார்புர்க் மாதிரி மாணவர் நகரங்களில் அறை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எல்லாருக்கும் தெரியும். அப்படித் தேடேக்க, பெரிய பழைய வீடு, தோட்டம், நகரத்துக்கு நடுவில், வாடகை பாதி என்று விளம்பரம் வரும். அது சங்க வீடாக இருக்கும். வீட்டின் சொந்தக்காரர் மூத்தவர்களின் அமைப்பு, அவர்கள் காசு போடுவதால்தான் அவ்வளவு மலிவு.

என் அக்காவின் மகன் அப்படி ஒன்றில் இருந்தவன். உறுப்பினராகாமல் சும்மா குடியிருக்கலாம் என்று சொல்லித்தான் எடுத்தவை. கரைச்சல் ஒன்றும் இல்லை, மரியாதையான பெடியள், இவனுக்கு ஜேர்மன் மொழியும் நன்றாக வந்தது. ஆனால் ஒவ்வொரு கிழமையும் "இன்றைக்கு எங்களோடு இரு" என்று கூப்பிடுவது நிற்கவில்லை. பயிற்சிக்கு வா, ஒரு தரம் வாளைப் பிடித்துப் பார் என்று தொடங்கினதும் பெட்டியைக் கட்டினான். பெண்பிள்ளைகளை அநேகமான சங்கங்கள் எடுக்கவே மாட்டா. என் மகள் கேட்டாள், "இந்தக் காலத்தில் எந்தச் சட்டத்தில் இது சரி?" என்று.

கையெழுத்து வைக்க முதல் அந்தச் சங்கம் எந்தக் கூட்டமைப்பில் இருக்குது என்று தேடிப் பாருங்கோ. அது முக்கியம்.

#19 நூலகப்பூச்சி

வன்னிமகள் கடைசியில் சொன்னதை அடிக்கோடிடுகிறேன். 2011ல் புர்ஷன்ஷாஃப்ட்களின் பெரிய கூட்டமைப்பான டாய்ச்ச புர்ஷன்ஷாஃப்ட், ஐஸனாஹில் கூடியபோது ஒரு தீர்மானம் வந்தது. மன்ஹைம் சங்கம் ஒன்று சீனப் பெற்றோருக்குப் பிறந்த மாணவரைச் சேர்த்துவிட்டது, ஆகவே அந்தச் சங்கத்தையே நீக்க வேண்டும் என்று கேட்டது போன் நகரத்துச் சங்கம் ஒன்று. அந்தப் பையன் ஜெர்மனியில் பிறந்தவன், ஜெர்மன் ராணுவத்தில் இருந்தவன், மென்சூரும் நின்றவன். பத்திரிகைகள் கிழித்தன, தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. அதன்பின் மிதமான சங்கங்கள் பல வெளியேறி, சில சேர்ந்து 2016ல் வேறு கூட்டமைப்பு தொடங்கின. டாய்ச்ச புர்ஷன்ஷாஃப்டில் மென்சூரைச் சங்கங்களின் விருப்பத்துக்கு விட்டுப் பல காலம் ஆகிறது. கோர்களில் அது இன்னும் கட்டாயம், ஆனால் அங்கே நாடு, மதம், அரசியல் பார்ப்பதில்லை என்பது கொள்கை. தமிழ்ப் பையனுக்கு எந்த வாசல் எப்படி இருக்கும் என்பது பெயர்ப்பலகையின் ஒரு சொல்லில் இருக்கிறது.

#20 சிவப்புக்கோடு

கொள்கைப்படி எல்லாரையும் சேர்ப்பார்கள், பாதிப் பேரைத் தவிர. பெண்களைச் சேர்க்காத சமத்துவம்.

#21 வடக்குவாசல்

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர்கள் "தனியார் சங்கம், எங்கள் இஷ்டம்" என்பார்கள். நண்பனிடமே கேட்டேன், அவனும் அதைத்தான் சொன்னான்.

#22 தேரிக்காடு

எல்லாருக்கும் நன்றி. அடுத்த வருஷம் அந்தப் பக்கம் வர எண்ணம். இவற்றில் எதையாவது கண்ணால் பார்க்க முடியுமா?

#23 நூலகப்பூச்சி

மென்சூரை முடியாது, டிக்கெட் போட்டு நடத்துவதில்லை, அழைப்பு வேண்டும். மற்றவை உண்டு.

ஹைடெல்பெர்கில் பழைய பல்கலைக்கழகத்தின் பின்புறம் மாணவர் சிறை, கார்ட்ஸர். 1778 முதல் 1914 வரை அங்கே அடைத்தார்கள். தெருவிளக்கை உடைத்தது, காவலரைக் கேலி செய்தது, வாள் சண்டை, எல்லாவற்றுக்கும் சில நாள் முதல் நாலு வாரம் வரை. பாடம் கேட்க வெளியே விட்டு மறுபடி அடைப்பார்கள். ஒரு தடவையாவது உள்ளே போகாவிட்டால் கவுரவக் குறைவு. சுவர், கூரை, மாடிப்படி என்று ஒரு இடம் விடாமல் தங்கள் நிழலுருவத்தை வரைந்து, தலையில் சங்கத் தொப்பிக்கு மட்டும் நிறம் தீட்டிவைத்திருக்கிறார்கள். அவசரமாகப் பார்க்காதீர்கள், பெயரும் தேதியும் தண்டனைக் காரணமும் படிக்கப் படிக்கச் சுவாரசியம்.

யேனா நகர அருங்காட்சியகத்தில் புர்ஷன்ஷாஃப்டின் 1816ஆம் ஆண்டுக் கொடி இருக்கிறது, யேனா நகரத்துப் பெண்கள் தைத்துக் கொடுத்தது. பாட் கோசனுக்கு மேலே ருடெல்ஸ்புர்க் கோட்டை. வழியில் கையில் ஷ்லேகரோடு உட்கார்ந்திருக்கும் இளைஞன் பிஸ்மார்க் சிலை ஒன்று உண்டு. 1896ல் வைத்தது, கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் போய், 2006ல் மறுபடி நிறுவினார்கள். பழைய காகிதம் புரட்டுகிற ஆள் என்றால் வூர்ஸ்புர்கில் கோசனர் ஆவணக்காப்பகம் இருக்கிறது.

தொப்பி, பட்டை, ஊர்வலம் எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றால் பெந்தெகொஸ்தே வாரக்கடைசியில் கோபுர்க் போங்கள். அங்கே வேறொரு வாள் கூட்டமைப்பு ஆண்டுதோறும் கூடும், இரவில் தீப்பந்த ஊர்வலம் உண்டு. எதிர்த்துக் கோஷம் போடுகிறவர்களும் வருவார்கள். அந்த நாட்களில் ஊருக்குள் தங்க இடம் கிடைப்பது கஷ்டம், அறையை முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.